சனிக்கிழமை சாயங்காலம் எந்தக் கூட்டத்தில் உட்காருவது?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபது வருடக் குடி. கடைசி சில வருடங்களாகக் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் பெரிய சண்டை. ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து திரும்பினேன். அதற்குப் பிறகு தொடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். கடவுள், பிரார்த்தனை என்று பேசினார்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெரியார் கட்சி, எனக்கு அது ஒட்டவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும் ஒருவர், "அதெல்லாம் எதுக்குத் தம்பி, மீட்டிங் போதும்" என்றார். எங்கள் தெருக்காரர் ஒருவர் வேறு அங்கே உட்கார்ந்திருந்தார். திரும்பப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கூட வேலை செய்பவர்கள் கூப்பிடும்போது பயமாக இருக்கிறது. தானும் கூட்டத்துக்கு வருவேன் என்கிறாள் மனைவி. எனக்கு ஏற்ற கூட்டம் என்று ஒன்று இருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இது மட்டும் உடனே சொல்ல வேண்டியது. குடியை நிறுத்தியதும் வலிப்பு வந்தவர் நீங்கள். உங்களுக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை வருடம் குடிக்காமல் இருப்பவராக இருந்தாலும், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதைச் சொல்ல முடியாது. ஏ.ஏ. அமைப்பின் வெளியீடுகளே இதைத் தெளிவாகச் சொல்கின்றன: உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது. உங்களிடம் அப்படிப் பேசியவர் தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறார். அது ஏ.ஏ.வின் கருத்து அல்ல. அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், "அது டாக்டர் பார்த்துக்கொள்வார்ங்க" என்று சொல்லி, பேச்சை மாற்றிவிடுங்கள். ஒரு குழுவில் ஒருவர் இப்படிச் சொன்னால் அது அவருடைய கோளாறு. எல்லாருமே சேர்ந்து சொன்னால் அந்தக் குழுவை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு ஏற்ற கூட்டம் உண்டு. ஆனால் நீங்கள் தேடத் தொடங்கிய இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். வயது, சாமி, தெருக்காரர் என்று மூன்று விஷயத்தை வைத்து எடை போட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது கிழமையையும் நேரத்தையும். உங்களுக்கு ஆபத்தான நேரம் எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: சனிக்கிழமை சாயங்காலம், வாரச் சம்பளம் கைக்கு வந்த பிறகு. நீங்கள் போனதோ ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தக் கூட்டம் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும், முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்கும் உங்களுக்கு அது உதவியிருக்காது. குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடக்கும் கூட்டம், கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலோ அதற்குப் பக்கத்திலோ நடக்கும் கூட்டம், இதைத்தான் முதலில் தேட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கூட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். ஏ.ஏ.வும், நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற நல்ல உளவியல் சிகிச்சைகளை விடக் கொஞ்சம் மேலாகவே இருந்தன. இது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று ரொம்ப எளிமையானது: கூட்டத்துக்குப் போகிறவருக்குக் குடிக்கிற கூட்டாளிகள் குறைகிறார்கள், குடிக்காத கூட்டாளிகள் கூடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் சிக்கல் இருப்பதே அங்கேதான். இருபது வருடமாக உங்கள் நட்பு முழுக்கக் கட்டிங் டேபிளைச் சுற்றியும் டாஸ்மாக் பாரைச் சுற்றியும்தான் இருந்திருக்கும். இப்போது அவர்கள் கூப்பிடும்போது "வரலை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறீர்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் ஓடி வருவது ஒன்று, போவதற்கு ஓர் இடம் இருப்பது வேறு. "எனக்கு ஏழு மணிக்கு ஒரு வேலை இருக்கு" என்று நிஜமாகவே சொல்ல முடிந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஏ.ஏ. பிறந்த கதையும் இதுதான். 1935 மே மாதம், பில் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் போனை எடுத்து, இந்த ஊரில் என்னைப் போலக் குடியால் அவதிப்படுகிற ஒருவரிடம் பேச வேண்டும் என்று ஆள் ஆளாக விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர், மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூன் 10ஆம் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. அன்றைக்குக் குழுவும் இல்லை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. இன்று சொல்லும் பன்னிரண்டு படிகளும் இல்லை. ஒரு குடிநோயாளி குடிக்கப் போவதற்கு முன்னால் இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போன் பண்ணினார். அவ்வளவுதான்.

ஆகவே, ஒரு கூட்டம் உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்க்க நான் சொல்லும் முதல் சோதனை இது: வெளியே வரும்போது உங்கள் போனில் புதிதாக இரண்டு நம்பராவது இருக்கிறதா? நல்ல குழுக்களில் இதை நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து, "எந்த ஏரியா? எத்தனை நாளாச்சு? நம்பர் குறிச்சுக்குங்க, எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்பார்கள். புதிதாக வந்தவரை ஒருவரும் கண்டுகொள்ளாமல் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அந்தக் குழு களைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். நம்பர் வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். மறுநாளே, ஒரு பிரச்சினையும் இல்லாதபோதே, ஒரு முறை கூப்பிட்டுச் சும்மா பேசுங்கள். முன்பின் பேசியிராத ஒருவருக்கு நெருக்கடி நேரத்தில் போன் செய்ய யாருக்குமே கை வராது.

இரண்டாவது சோதனை, அங்கே என்ன பேசுகிறார்கள் என்பது. ஒவ்வொருவராக எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, தன் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். இது எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் சில குழுக்களில், பேச வருகிறவர்கள் குடித்த காலத்துச் சாகசங்களையே அரை மணி நேரம் சொல்வார்கள். இரண்டு மாதம் ஆனவருக்கு அதைக் கேட்டால் நாக்கில் ருசி வந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது, இந்த வாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை. தூக்கம் வராத ராத்திரியை எப்படிக் கழித்தேன், மச்சான் கல்யாணத்தில் டம்ளர் நீட்டியபோது என்ன செய்தேன், போனஸ் பணத்தை யாரிடம் கொடுத்து வைத்தேன். இப்படிப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால்கூடப் போதும், அந்தக் கூட்டத்துக்குத் திரும்பப் போங்கள்.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர்கள் நாற்பதில் நிறுத்தியவர்களாக இருக்கலாம் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து தீபாவளியைக் குடிக்காமல் கடந்தவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனாலும் உங்கள் குறை நியாயமானதுதான். இருபத்தைந்து வருடம் ஆனவருக்கு இரண்டாவது மாதத்தின் எரிச்சலும் ஆசையும் மறந்துபோயிருக்கும். உங்களுக்கு நாலு மாதம், ஒரு வருடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒருவரும் தேவை. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலக் கூட்டத்துக்குத்தான் வருவார்கள். காலைக் கூட்டங்களுக்கு ஓய்வு பெற்றவர்கள் அதிகம் வருவது இயல்பு. நேரத்தை மாற்றினாலே முகங்களும் மாறும்.

கடவுள் விஷயத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஏ.ஏ. ஒரு கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கத்தின் பக்கத்தில் பிறந்தது. 1939இல் அச்சான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் பல இடத்தில் வருகிறது. அதை மறைத்து உங்களை அனுப்பினால் அது நேர்மையில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அதற்குள் இருந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் படிகளில் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்ற சொற்கள் சேர்ந்தன. 'நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி' என்று வருமிடத்தில், அந்த அறையில் இருக்கும் பத்துப் பேர்தான் என்னைவிடப் பெரிய சக்தி என்று எடுத்துக்கொண்டு பல வருடமாகக் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் உண்டு. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறார்கள்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நம்பிக்கை அதில் இல்லை. கடைசியில் பிரார்த்தனை சொல்லும்போது நீங்கள் மரியாதைக்காகச் சும்மா எழுந்து நின்றால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. பெரியார் கட்சிக் குடும்பத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கள் எதிர்ப்புக்காகத் தன் சொந்தத் தோப்புத் தென்னைகளையே வெட்டச் சொன்னவர் அவர். குடியை விட்டொழிக்கக் கூடிய ஒரு கூட்டத்தில் நீங்கள் உட்காருவது உங்கள் கொள்கைக்கு விரோதமில்லை.

அப்படியும் ஒட்டவில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற அமைப்பில் பிரார்த்தனையோ படிகளோ கிடையாது. ஆசை வரும்போது அதை எப்படிக் கையாள்வது, எண்ணங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று உளவியல் பயிற்சியாக நடத்துகிறார்கள். அதன் ஆன்லைன் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்பது ஒரு சிரமம். இதில் ஒன்று, அதில் ஒன்று என இரண்டுக்கும் போகிறவர்களும் உண்டு, அதில் தப்பேதும் இல்லை. எங்கேயும் போகாமல் இருப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஆசையோடு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் சனிக்கிழமைகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

தெருக்காரர் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. திருப்பூரில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும். ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருக்கிறார். உங்களை அங்கே பார்த்தேன் என்று அவர் வெளியே சொன்னால், தானும் அங்கே இருந்ததைச் சொல்ல வேண்டும். இங்கே பார்த்ததும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்பது எல்லாக் கூட்டத்திலும் சொல்லப்படுவது, பெரும்பாலோர் அதைக் காப்பாற்றுகிறார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வலிப்பு வந்து ஆம்புலன்ஸ் வந்த தெருவில், நீங்கள் குடித்தது யாருக்கும் தெரியாதது அல்ல. இப்போது தெரியப்போவது நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்பது மட்டும்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லையா, முதல் சில மாதம் கோவைப் பக்கம் போய் வாருங்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மனம் விட்டுப் பேசுவதை அங்கே வைத்துக்கொள்ளலாம். 2020 ஊரடங்கில் ஏ.ஏ. கூட்டங்கள் பல ஜூமுக்கு மாறின. பிறகும் சில அப்படியே தொடர்கின்றன. தமிழில் நடப்பவற்றின் லிங்க்கை எந்தக் குழுச் செயலாளரிடம் கேட்டாலும் அனுப்பிவைப்பார். வேலை முடிய ஒன்பது மணியாகும் ஷிப்பிங் நாட்களில் அது கை கொடுக்கும். ஆனால் அதையே பிரதானமாக வைத்துக்கொள்ள வேண்டாம். செல்போனை அணைத்துவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப் போவது சுலபம். நேரில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பவர் அப்படிப் போக முடியாது.

இப்படித் தேடும்போது ஒரு குழுவுக்கு ஒரே ஒரு முறை போய் முடிவு எடுக்காதீர்கள். கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர் மாறுவார். ஒன்றில் யாராவது தன் அனுபவத்தைச் சொல்வார், இன்னொன்றில் படி ஒன்றை எடுத்துப் பேசுவார்கள், மற்றொன்று யாரோ ஒருவரின் 'பர்த்டே'யாக இருக்கும். குடியை விட்டு ஒரு வருடம், ஐந்து வருடம் ஆனதைக் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். மூன்று வேறு குழுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எங்கே உட்காரும்போது பொய் சொல்லத் தோன்றவில்லையோ, அதை உங்கள் ஹோம் குரூப், அதாவது வழக்கமாகப் போகும் குழு, ஆக்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப மாதங்களில் முடிந்தவரை அடிக்கடி போவது நல்லது. 90 நாளில் 90 கூட்டம் என்று அங்கே சொல்வார்கள். உங்கள் வேலைக்கு அது முடியாது. வாரம் மூன்று என்றால்கூட, அதில் சனிக்கிழமை ஒன்றாக இருந்தால், நான் திருப்தியாக இருப்பேன்.

எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இஷ்டப்பட்டால் பத்தோ இருபதோ போடலாம், போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆதரவுக் குழு என்ற பெயரில் பதிவுக் கட்டணம் கேட்பவர்கள், குடியை அடியோடு மறக்கடிக்கும் பொடி விற்பவர்கள், கூட்டத்தில் சீட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆள் பிடிப்பவர்கள், உங்களிடம் கைமாற்று கேட்பவர்கள், இவர்கள் இருக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம். ஸ்பான்ஸர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், படிகளில் கூடவே நடத்திக்கொண்டு போகிறவர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதல் வாரமே முன்வருகிற முதல் ஆளைப் பிடித்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவர், உங்கள் மாத்திரையில் தலையிடாதவர், போனை எடுப்பவர், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள்.

மனைவி வருவதைப் பற்றி. ஏ.ஏ.வில் குடிநோயாளிகள் மட்டும் இருக்கும் கூட்டம் உண்டு, யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு, திறந்த கூட்டத்துக்கு ஒரு முறை அவரைக் கூட்டிப் போங்கள், பர்த்டே கூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே அவர் மற்ற மனைவிமார்களைப் பார்ப்பார். ஆனால் வாராவாரம் அவர் உங்களோடு வர வேண்டாம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைத்த கதையை நீங்கள் முழுசாகச் சொல்ல மாட்டீர்கள். அவருக்கென்று தனி இடம் வேண்டும். பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. நம் ஊர்களில் அது ஏ.ஏ. அளவுக்குப் பரவலாக இல்லை. உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், நீங்கள் சிகிச்சை பெற்ற இடத்தின் கவுன்சலரிடம் அவருக்கெனத் தனியாக நேரம் கேளுங்கள். இருபது வருடம் அவர் பட்டதற்கு நீங்கள் இரண்டு மாதம் குடிக்காமல் இருப்பது மருந்தாகாது. அவர் உங்கள் வாயை முகர்ந்து பார்ப்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எப்போதாவது சறுக்கிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி. சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டு மறுபடி ரோஷத்தில் வீட்டிலேயே நிறுத்தினால், இரண்டு நாளுக்குள் மீண்டும் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் உளறலும் பிரமையும் ஜுரமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, உங்கள் மாத்திரைகளில் டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது இருந்தால், மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை, குடித்தால் உடம்பு மோசமாகிவிடக் கூடும். அப்படி ஏதாவது ஆனால் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், குடித்ததையும் முன்பு வலிப்பு வந்ததையும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம். இரண்டையும் உங்கள் போனில் மட்டுமல்ல, மனைவியின் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.